அனுமதி கொடுக்க யாருக்கு அனுமதி?

1960களின் நடுப்பகுதி. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் கம்ப்யூட்டரில் லாகின் செய்தவர்களுக்கு அன்று வழக்கமான அறிவிப்புச் செய்தி வரவில்லை. அதற்குப் பதில், அந்த இயந்திரத்தில் கணக்கு வைத்திருந்த எல்லோருடைய பெயர்களும் பாஸ்வேர்டுகளும் வரிவரியாக வந்து விழுந்தன. லாகின் செய்த ஒவ்வொருவருக்கும் முழுப் பட்டியல்.

யாரும் ஊடுருவவில்லை. நிர்வாகிகள் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே ஃபோல்டருக்குள் வேலை பார்த்தார்கள், அவ்வளவுதான். ஒருவர் அன்றைய அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். இன்னொருவர் பாஸ்வேர்டு கோப்பை. எடிட்டர் நிரல், திருத்தும் கோப்புக்கு ஒரு தற்காலிகப் பிரதி எடுக்கும். அந்தப் பிரதிக்கு எப்போதும் ஒரே பெயரைத்தான் வைக்கும். ஒரு ஃபோல்டரில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் இருப்பார் என்று நம்பி எழுதப்பட்ட எடிட்டர் அது. முதலில் விதியும் அப்படித்தான் இருந்தது. பிறகு, கணினியைப் பராமரிக்கும் குழுவினர் சேர்ந்து வேலை பார்க்கட்டும் என்று அவர்களுக்கு மட்டும் விதியைத் தளர்த்தினார்கள். எடிட்டரை மாற்றுவது யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு தற்காலிகப் பிரதிகளும் ஆள் மாறிப் போய்விட்டன.

அந்த அமைப்பைக் கட்டிய ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவே இதை 1990-ல் டூரிங் விருது உரையில் சொன்னார். கட்டும் அமைப்புகள் ஒருநாள் தவறத்தான் போகின்றன, அதை மனதில் வைத்துக் கட்டுவது எப்படி என்பதுதான் அந்த உரையின் பொருள்.

அலுவலகத்தில் இன்று ‘ஷேர்’ பொத்தானை அழுத்தி, யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்று தேர்ந்தெடுக்கிறோமே, அதன் பூர்வகதை இந்த இயந்திரத்தில் ஆரம்பிக்கிறது. அனுமதி முறைகள் ரகசியத்தைக் காப்பதற்காகவே வந்தவை என்றுதான் பொதுவாக நினைப்போம். ஆனால் முதலில் வந்தது சேர்ந்து வேலை செய்யும் ஆசை. ஆளுக்கொரு துண்டு இடம், அடுத்தவர் இடத்துக்குள் நுழைய வழியே இல்லை என்றால் அனுமதி என்ற பேச்சுக்கே இடமில்லை. ‘என் கோப்பை நீயும் பார்’ என்று ஒருவர் சொன்ன நிமிடத்தில்தான் மற்ற கேள்விகளெல்லாம் முளைத்தன. அவற்றுள் மிகப் பொல்லாத கேள்வி, யார் பார்க்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை யாருடையது என்பது. அறுபது வருடமாக அதற்கு ஒவ்வொரு தலைமுறையும் வேறு பதில் சொல்லிவருகிறது.

எம்.ஐ.டி.யில் ஓடிய அமைப்பின் பெயர் சிடிஎஸ்எஸ். 1961 நவம்பரில் அதை முதலில் இயக்கிக் காட்டினார்கள். அதற்கு முன்னால் கம்ப்யூட்டர் என்றால் துளையட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு, முடிவுக்குப் பல மணி நேரம் காத்திருப்பது. சிடிஎஸ்எஸ் ஒரே இயந்திரத்தின் நேரத்தைக் கூறுபோட்டு, பல டெர்மினல்களில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மாற்றி மாற்றிக் கொடுத்தது. எல்லோருடைய கோப்புகளும் ஒரே வட்டில். கம்ப்யூட்டர் உலகில் பாஸ்வேர்டு புழக்கத்துக்கு வந்தது இங்கிருந்துதான் என்பார்கள்.

வந்த கையோடு அது தோற்றும் போனது. ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான் கணினி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அவருடைய ஆய்வுக்கு அது போதவில்லை. கோப்பு ஒன்றை அச்செடுக்க வேண்டுமென்றால் துளையட்டையில் அதன் பெயரை எழுதிக் கொடுத்தால் போதும் என்பதை அவர் கவனித்தார். 1962-ல் ஒரு வெள்ளிக்கிழமை பாஸ்வேர்டு கோப்பின் பெயரை எழுதிக் கொடுத்தார்; மறுநாள் அச்சடித்த பட்டியல் தயாராக இருந்தது. டெர்மினலில் கேட்டால் கிடைக்காத கோப்பை, அச்செடுக்கும் வழியில் கேட்டால் கொடுத்தார்கள்! இதை ஷெர் ஒப்புக்கொண்டது சுமார் கால் நூற்றாண்டு கழித்துத்தான். ஒரே கோப்புக்கு இரண்டு வழி இருந்து, ஒரு வழியில் மட்டும் காவல் போடும் இந்தப் பழக்கம் இன்றைக்கும் அலுவலகங்களில் நன்றாகவே வாழ்கிறது. ஃபோல்டரைப் பூட்டுவார்கள், அதே கோப்பு மின்னஞ்சல் இணைப்பாக நாற்பது பேரிடம் இருக்கும்.

சிடிஎஸ்எஸ்ஸில் ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்கள். ஒன்று, எந்த ஆய்வுப் பணி என்பதைச் சொல்வது. மற்றது, அந்த ஆள் யார் என்பது. ஒரே பணியில் இருப்பவர்களுக்குப் பொதுக்கோப்பு வைத்துக்கொள்ள இடம் இருந்தது. அந்தக் குழுவுக்கு வெளியே இருப்பவருக்கு ஒரு கோப்பைக் காட்ட வேண்டுமானால் ‘பெர்மிட்’ என்ற கட்டளை. அந்தப் பக்கத்தில் இருப்பவர் ‘லிங்க்’ என்று அடித்து அதைத் தன் இடத்துக்கு இழுத்துக்கொள்வார். பர்மிஷன், லிங்க் என்று இன்றைய அலுவலகத்தில் தினம் புழங்கும் இரண்டு சொற்களும் அப்போதே ஜோடியாக இருந்திருக்கின்றன. ஆளும் துறையும் வேறு வேறு என்பதும் அப்போதே தெரிந்திருக்கிறது.

அடுத்து மல்டிக்ஸ். எம்.ஐ.டி., ஜெனரல் எலெக்ட்ரிக், பெல் லேப்ஸ் மூன்றும் சேர்ந்து எடுத்த பெரிய காரியம். மின்சாரம், தண்ணீர் மாதிரி ஓர் ஊருக்கே கணினி வசதியை வழங்குவது அவர்கள் கனவு. அப்படியானால் ஒருவரை ஒருவர் அறியாத, ஒருவரை ஒருவர் நம்பவும் காரணமில்லாத ஆட்கள் ஒரே இயந்திரத்தில் இருப்பார்கள். 1965-ல் மல்டிக்ஸ் பற்றி ஒரே மாநாட்டில் வெளிவந்த கட்டுரைகளில் ஒன்று ராபர்ட் டேலியும் பீட்டர் நியூமனும் எழுதியது. அது கோப்பு முறையைப் பற்றியது. ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொன்று என்று மரமாகக் கிளைக்கும் அடுக்கை அது விவரிக்கிறது. கூடவே, ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பட்டியல்: யார் யார், அவர்களுக்கு என்னென்ன உரிமை. ‘ஆக்சஸ் கன்ட்ரோல் லிஸ்ட்’ என்று இன்று சொல்வது இதைத்தான்.

உரிமைகள் ஐந்து. படிப்பது, எழுதுவது, இயக்குவது, கடைசியில் சேர்ப்பது ஆகிய நான்கும் எளிதில் புரியும். ஐந்தாவதுதான் வினோதமானது: ‘ட்ராப்’. அது போட்டிருந்தால், அந்த நபர் கோப்பைத் தொட்டவுடன் முன்கூட்டியே குறித்துவைத்த ஒரு நிரல் ஓடும். அடுத்து என்ன என்பது அந்த நிரல் பாடு. ‘படிக்கலாம், ஆனால் படித்தால் எனக்குத் தெரியவேண்டும்’ என்கிற மேனேஜர் புத்திக்கு 1965-லேயே வழி யோசித்துவிட்டார்கள்.

மல்டிக்ஸில் ஆளின் அடையாளம் மூன்று துண்டு: ஆள், புராஜெக்ட், அதன்பின் ஒரே ஓர் எழுத்து, நேரடியாக டெர்மினலில் இருக்கிறாரா, பின்னணியில் வேலையை ஓடவிட்டிருக்கிறாரா என்பதற்கு. எந்தத் துண்டுக்குப் பதிலும் நட்சத்திரக்குறி போடலாம். ‘யாராக இருந்தாலும்’ என்று பொருள். இந்தப் புராஜெக்டில் இருக்கும் யாரும், இந்த ஆள் எந்தப் புராஜெக்டில் இருந்தாலும், எல்லோரும் — மூன்றையும் ஒரே இலக்கணத்தில் எழுதிவிடலாம். பட்டியலில் குறிப்பானது மேலே, பொதுவானது கீழே. மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து முதலில் பொருந்துவதே தீர்ப்பு. ஆகவே துறை முழுவதற்கும் அனுமதி கொடுத்துவிட்டு, அதில் ஒருவரை மட்டும் ‘ஒன்றுமில்லை’ என்று மேலே எழுதி விலக்கவும் முடியும். இன்று பல அலுவலகங்களில் இதே தேவைக்காக எவ்வளவு சுற்றி வளைக்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்கு இதன் அழகு புரியும்.

உரிமை கொடுக்கும் உரிமைக்கு மல்டிக்ஸ் சொன்ன பதில்: கோப்பை எழுதியவரிடம் அல்ல, அந்தக் கோப்பு இருக்கும் ஃபோல்டரை மாற்றும் உரிமை உடையவரிடம். அந்த ஃபோல்டர் மேலே இருக்கும் இன்னொரு ஃபோல்டருக்குள் இருக்கிறது. அதை ஆள்பவர் இதையும் மாற்றலாம். இப்படியே ஏறிப் போனால் மரத்தின் வேரில் நிற்பவருக்கு எல்லாம் முடியும். மல்டிக்ஸின் பாதுகாப்பு வடிவமைப்பில் முக்கியமானவரான ஜெரோம் சால்ட்ஸரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975-ல் எழுதிய நீண்ட கட்டுரையில் இதன் ஆபத்தைச் சுட்டிக்காட்டினார்கள். அதிகாரப் படிநிலையை அப்படியே கணினிக்குள் கொண்டுவந்தால், மேலே இருப்பவர் சத்தமில்லாமல் கீழே எதையும் பார்க்கலாம். காகித அலுவலகத்தில் மேலதிகாரி உங்கள் மேசை இழுப்பறையைத் திறந்தால் நாலு பேர் பார்ப்பார்கள். இங்கே யாருக்கும் தெரியாது. தேவைக்கு மேல் ஒரு துளி உரிமையும் கொடுக்காதே, அனுமதி இல்லை என்பதே தொடக்கநிலையாக இருக்கட்டும் என்று பாதுகாப்புப் பாடங்களில் ஓதப்படும் கோட்பாடுகள் அந்தக் கட்டுரையில் திரட்டித் தரப்பட்டவை. அதே வரிசையில் இன்னொன்றும் உண்டு: பயன்படுத்துபவருக்கு எளிதாக இல்லாத பாதுகாப்பை அவர் சரியாகப் பயன்படுத்தமாட்டார். முதல் இரண்டையும் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். இந்த மூன்றாவதைப் பற்றி வாய் திறப்பவர் குறைவு.

மல்டிக்ஸ் தாமதமாகிக்கொண்டே போனது. 1969-ல் பெல் லேப்ஸ் விலகியது. அங்கிருந்து வெறுங்கையோடு திரும்பிய கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் செய்த சின்ன அமைப்புதான் யூனிக்ஸ். அவர்களுக்குப் புதிய இயந்திரம் வாங்கிக் கொடுக்க மேலிடம் தயங்கியபோது, ஆவணம் தயாரிக்கும் கருவி செய்து தருகிறோம் என்று சொல்லி ஒரு பிடிபி-11 வாங்கினார்கள். முதல் வாடிக்கையாளர் பெல் லேப்ஸின் காப்புரிமைத் துறை. 1971-ன் பிற்பகுதி முழுக்க மூன்று டைப்பிஸ்டுகள் பகலெல்லாம் காப்புரிமை விண்ணப்பங்களை அடித்துத் தள்ளினார்கள். அதே இயந்திரத்தில் யூனிக்ஸ்காரர்கள் புது நிரல்களைச் சோதித்தார்கள். ஒரு நிரல் இன்னொன்றின் நினைவகத்தில் கை வைக்காமல் தடுக்கும் வசதி அந்த இயந்திரத்தில் இல்லை. ஒரு சோதனை பிசகினால் மூன்று பேரின் வேலையும் போகும். வட்டு அரை மெகாபைட்தான் என்பதால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை டேப்பில் ஏற்றி இடம் காலி செய்ய வேண்டும். இரண்டு துறைகள் ஒரு கோப்பு முறையைப் பகிர்ந்துகொண்ட கதை யூனிக்ஸ் பிறந்த வீட்டிலேயே நடந்தது.

அந்த முதல் யூனிக்ஸில் பட்டியலெல்லாம் கிடையாது. உரிமையாளர் படிக்கலாமா, எழுதலாமா. மற்றவர்கள் படிக்கலாமா, எழுதலாமா. இந்தக் கோப்பை இயக்கலாமா. சில பிட்டுகளில் முடிந்தது கதை. துறை, குழு எதுவும் இல்லை. உலகம் ‘நான்’, ‘மற்றவர்கள்’ என்று இரண்டே பேர். 1974-ல் ரிட்சியும் தாம்ப்சனும் யூனிக்ஸை உலகுக்கு அறிமுகப்படுத்திய கட்டுரையில் ஏழு பாதுகாப்பு பிட்டுகள் என்று இருக்கிறது. அதே கட்டுரையைத் திருத்தி 1978-ல் மறுபடி வெளியிட்டபோது அது பத்து ஆகிவிட்டது. இடையில் நுழைந்த மூன்றும் ‘குழு’வுக்கு உரியவை. தனியாளுக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு துறை தேவை என்பது இரண்டு அச்சுப் பிரதிகளுக்கு நடுவே நிரூபணமாகியிருக்கிறது.

யூனிக்ஸ் பதிலில் ஒரு திருப்பம் உண்டு. அனுமதியை மாற்றும் உரிமை ஃபோல்டர்க்காரரிடமிருந்து கோப்பின் உரிமையாளருக்கு வந்தது. (கணினி நிர்வாகி எப்போதும் விதிவிலக்கு.) அந்தப் பத்துப் பிட்டுகளில் ஆள், குழு, ஊர் மூன்றுக்குமான ஒன்பதை மூன்று இலக்கமாக எழுதுவார்கள்; 777 என்றால் யாரும் எதுவும் செய்யலாம். ‘பர்மிஷன் டினைடு’ என்று திரை சொன்னதும் 777 போட்டுவிட்டு டீ குடிக்கப் போன சிஸ்டம் அட்மின்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களை முழுதாகத் திட்டவும் மனம் வரவில்லை. குழு என்ற ஒன்று இருந்தாலும், தொடக்கத்தில் ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு குழுவில்தான் இருக்க முடியும்; அடுத்த குழுவுக்குப் போக வேண்டுமென்றால் கட்டளை கொடுத்து மாற வேண்டும். கணக்குப் பிரிவிலும் கொள்முதல் குழுவிலும் ஒருசேர இருப்பவருக்கு அது என்ன வாழ்வு? 1983-ல் பெர்க்லி யூனிக்ஸின் 4.2 பதிப்புதான் ஒருவரைப் பல குழுக்களில் சேர்த்தது. அதே காலத்தில் சன் நிறுவனம் செய்த என்எஃப்எஸ் என்ற வலைப்பின்னல் கோப்பு முறை, ஒருவருடைய குழுக்களில் 16-ஐ மட்டுமே சர்வருக்கு எடுத்துச் சொல்லும். பதினேழாவது குழுவின் பெயரால் கோப்பு திறக்க வருபவரைச் சர்வர் அறியாது. பெரிய நிறுவனங்களில் ‘நேற்றுவரை திறந்தது, புதிய குழுவில் சேர்த்த பிறகு திறக்கவில்லை’ என்ற புகாருக்குப் பின்னால் இந்தப் பதினாறு ஒளிந்திருந்தது பல வருடம்.

இதற்கிடையில் கணிதம் பக்கம் ஒரு வேலை நடந்தது. 1971-ல் பட்லர் லாம்ப்சன் எல்லா அனுமதி முறைகளையும் ஒரே அட்டவணையாக வரைந்து காட்டினார். வரிசை ஒவ்வொன்றும் ஓர் ஆள், நெடுவரிசை ஒவ்வொன்றும் ஒரு பொருள், கட்டத்துக்குள் உரிமை. நெடுவரிசையைக் கிழித்து எடுத்தால் மல்டிக்ஸ் பட்டியல். வரிசையைக் கிழித்து எடுத்தால், ஒரு ஆள் கையில் வைத்திருக்கும் சீட்டுகளின் கட்டு. சில உரிமைகளின் பக்கத்தில் லாம்ப்சன் ஒரு சின்னக் குறி போட்டார். அந்தக் குறி இருந்தால், உரிமை உள்ளவர் அதை அடுத்தவருக்கும் நகலெடுத்துக் கொடுக்கலாம். இன்றைய ‘எடிட்டர்கள் மற்றவர்களுடன் பகிரலாம்’ என்ற டிக் குறிக்குத் தாத்தா அதுதான்.

இந்த அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு 1976-ல் ஹாரிசன், ரூஸோ, உல்மன் மூவரும் நியாயமான ஒரு கேள்வி கேட்டார்கள். இன்றைக்கு இருக்கும் அனுமதிகளும், அவற்றை மாற்றும் விதிகளும் தெரியும். இந்தக் கோப்பு இன்ன ஆளிடம் என்றைக்காவது போய்ச் சேருமா சேராதா என்று முன்கூட்டியே கண்டுபிடித்துச் சொல்ல ஒரு நிரல் எழுத முடியுமா? பொதுவான விடை: முடியாது. கடினம் என்றோ நேரமாகும் என்றோ சொல்லவில்லை; எல்லா விதிமுறைகளுக்கும் சேர்த்துச் சரியான விடை தரும் நிரலே இருக்க முடியாது என்று நிரூபித்தார்கள். விதிகளைக் குறுக்கினால் முடியும். சுதந்திரமாக விட்டால் முடியாது. ‘இந்த ஃபைல் வெளியே போகாது என்று உறுதி கொடுங்கள்’ என்று ஐ.டி. பிரிவைக் கேட்கும் நிர்வாக இயக்குநர்கள் இந்தத் தேற்றத்தைப் படித்தால், கேள்வியை மாற்றிக் கேட்பார்கள்: யார் யாருக்கெல்லாம் அடுத்தவருக்குக் கொடுக்கும் உரிமை கொடுத்திருக்கிறோம்?

ராணுவத்துக்கு இந்தக் கவலைக்குத் தயாரான பதில் இருந்தது. அங்கே கோப்புக்கும் ஆளுக்கும் ரகசியத் தரம் உண்டு. தரத்தைத் தாண்டி உரிமையாளரே நினைத்தாலும் கொடுக்க முடியாது. 1980களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வெளியிட்ட, அட்டை நிறத்தால் ‘ஆரஞ்சு புக்’ எனப்பட்ட நூல் இரண்டு வழிகளையும் வகுத்துவைத்தது: உரிமையாளர் விருப்பப்படி கொடுப்பது ஒன்று, மேலிருந்து கட்டாயமாக விதிப்பது மற்றது. வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் இரண்டுமே பொருந்தவில்லை. 1992-ல் அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட்டின் டேவிட் ஃபெராயோலோவும் ரிக் கூனும் எழுதிய கட்டுரை, சாதாரண நிறுவனங்களில் உள்ள ஓர் உண்மையைப் பிடித்தது. அங்கே ஊழியர் எழுதும் கோப்பு ஊழியருடையது அல்ல, நிறுவனத்துடையது. அப்படியிருக்க, அதை யாருக்குக் காட்டலாம் என்று அவர் இஷ்டத்துக்கு முடிவெடுக்க விடுவானேன்?

அவர்கள் வைத்த பதில் ‘ரோல்’. உரிமையை ஆளுக்குக் கொடுக்காதே, நாற்காலிக்குக் கொடு. நாற்காலியில் உட்கார்பவருக்கு அது வரும், எழுந்து போனால் போய்விடும். நம் அரசு அலுவலகங்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கணினிக்குத்தான் சொல்லித்தர வேண்டியிருந்தது. 1996-ல் ரவி சந்துவும் மற்றவர்களும் இதைக் கணித வடிவில் ஒழுங்குபடுத்தினார்கள். 2004-ல் அமெரிக்கத் தேசியத் தரமாகவே ஆனது. காசோலை எழுதும் நாற்காலியிலும் அதை அங்கீகரிக்கும் நாற்காலியிலும் ஒரே ஆள் உட்காரக் கூடாது என்ற கணக்குத் தணிக்கைப் பழமையை இதில் ஒரு விதியாகவே எழுதிவிட முடிந்தது. நடைமுறையில் என்ன ஆனது என்றால், நாற்காலிகள் பெருகின. ‘கொள்முதல், தெற்கு மண்டலம், தற்காலிகம், இரண்டு’ என்கிற ரீதியில் ரோல்கள் பெருகி, ஆட்களைவிட ரோல்கள் அதிகமாகிவிட்ட நிறுவனங்கள் உண்டு. அந்த வியாதிக்குத் துறைக்காரர்கள் ‘ரோல் எக்ஸ்ப்ளோஷன்’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

மேசைக் கம்ப்யூட்டர்கள் அலுவலகங்களில் நிறைந்த 90களில் மல்டிக்ஸ் பட்டியல் வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்தது. டிஜிட்டல் என்ற நிறுவனத்தில் விஎம்எஸ் என்ற இயங்குதளத்தைச் செய்த டேவ் கட்லர் மைக்ரோசாஃப்டுக்குப் போய் 1993-ல் விண்டோஸ் என்.டி.யை வெளியிட்டார். அதில் ஒவ்வொரு கோப்புக்கும் முழுப் பட்டியல்; விலக்கும் வரிகள் முதலில், கொடுக்கும் வரிகள் பின்னால். நெட்வொர்க் வழியாக வருபவருக்கு இரண்டு சோதனை: ஷேருக்கு ஒரு பட்டியல், கோப்புக்கு ஒரு பட்டியல், இரண்டில் எது கண்டிப்போ அதுதான் செல்லும். பழைய விண்டோஸில் புதிதாக ஒரு ஷேர் உருவாக்கினால், ‘எவ்ரிஒன்’ எனப்படும் சகல ஜனங்களுக்கும் முழு உரிமை என்பதுதான் தொடக்கநிலை. 2003 சர்வர் காலத்தில்தான் அது ‘படிக்க மட்டும்’ என்று குறைந்தது. சால்ட்ஸர் 1975-ல் சொன்னதைக் கேட்க அவ்வளவு காலம்.

இந்தப் பட்டியல்களுக்கு வயதாவதைப் பார்ப்பது ஒரு தனி அனுபவம். பத்து வருட ஃபோல்டர் ஒன்றின் ‘செக்யூரிட்டி’ பக்கத்தைத் திறந்தால், நடுவில் எஸ்-1-5-21 என்று ஆரம்பிக்கும் நீண்ட எண்கள் இருக்கும். அவர்கள் வேலையை விட்டுப் போனவர்கள். கணக்கை அழித்துவிட்டார்கள், பட்டியலில் எண் மட்டும் மிச்சம். போனவர்களால் தொல்லை இல்லை. துறை மாறியவர்கள்தான் விஷயம். விற்பனையிலிருந்து மனிதவளத்துக்குப் போனவருக்குப் புதிய அனுமதியை அன்றே கேட்டு வாங்குவார்கள், ஏனென்றால் அது இல்லாமல் வேலை ஓடாது. பழையதை எடுக்கச் சொல்லி யாரும் கேட்கமாட்டார்கள், ஏனென்றால் அது இருப்பதால் யாருக்கும் எதுவும் நிற்கவில்லை. மூன்று துறைகளைச் சுற்றி வந்த மூத்த குமாஸ்தாவின் கையில் துறைத் தலைவரைவிட அதிக அனுமதிகள் இருக்கும்.

2006-ல் கூகுள் ‘ரைட்லி’ என்ற இணைய ஆவண எடிட்டரை வாங்கி, அதே வருடம் ஆவணங்களை பிரவுசருக்குள் கொண்டுவந்தபோது உரிமை கொடுக்கும் உரிமை மறுபடி தனியாளிடம் விழுந்தது, இந்த முறை மொத்தமாக. எந்த ஊழியரும் எந்த மின்னஞ்சலுக்கும் பகிரலாம். அதைவிடப் பெரிய மாற்றம், ‘லிங்க் உள்ள எவரும்’ என்ற தேர்வு. இதில் பட்டியலே இல்லை. யூகிக்க முடியாத நீண்ட முகவரி யார் கையில் இருக்கிறதோ அவருக்கு உரிமை. லாம்ப்சன் அட்டவணையில் வரிசையைக் கிழித்தால் கிடைக்கும் சீட்டுக்கு நெருங்கிய சொந்தம் இது; நாற்பது வருடம் ஆய்வுக்கூடங்களைவிட்டு அதிகம் வெளியே வராத யோசனை, வாட்ஸ்அப் ஃபார்வர்டாக உலகைச் சுற்றியது. அதில் லாம்ப்சனின் நகல் குறி எப்போதும் போட்டபடியே இருக்கிறது. லிங்க் வந்தவர் அதை யாருக்கும் அனுப்பலாம். அனுப்பியது கொடுத்தவருக்குத் தெரியாது.

இந்தப் பட்டியல்களையெல்லாம் கூகுள் எப்படிச் சமாளிக்கிறது என்பதை 2019-ல் ‘சான்சிபார்’ என்ற தன் அமைப்பைப் பற்றிய கட்டுரையில் சொன்னது. டிரைவ், யூடியூப், காலண்டர், போட்டோஸ் எல்லாவற்றுக்கும் அனுமதிக் கேள்விகள் ஒரே இடத்துக்கு வருகின்றன. பல லட்சம் கோடிப் பட்டியல்கள். 95 சதவீதக் கேள்விகளுக்கு 10 மில்லிவிநாடிக்குள் பதில். அந்தப் பிரம்மாண்டத்தைவிட அதில் விவரித்த ஒரு சின்னச் சிக்கல்தான் மனதைப் பிடிக்கிறது. ஆலிஸ் ஒரு ஃபோல்டரிலிருந்து பாப்பை நீக்குகிறார். பிறகு சார்லியிடம் அதே ஃபோல்டரில் புதிய ஆவணங்களைப் போடச் சொல்கிறார். உலகெங்கும் பரவிக் கிடக்கும் சர்வர்களில் ஏதோ ஒன்றுக்குப் புது ஆவணம் வந்துவிட்டது. பாப்பை நீக்கிய செய்தி இன்னும் வந்து சேரவில்லை. அந்தச் சில நொடிகளில் பாப் கேட்டால் ஆவணம் திறந்துவிடும். இரண்டு மாற்றங்களும் சரி, வரிசை மட்டும் தவறு. இதற்குக் கட்டுரை வைத்த பெயர் ‘புதிய எதிரி’ சிக்கல். நேற்றுவரை நண்பன், இன்று எதிரி. ஆனால் அவன் எதிரியான செய்தி இன்னும் எல்லா ஊருக்கும் போய்ச் சேரவில்லை. தீர்வாக, ஆவணம் மாறும்போது ஒரு காலமுத்திரையை அதோடு சேர்த்து வைக்கிறார்கள்; அனுமதியைச் சோதிக்கும் சர்வர், குறைந்தது அந்த முத்திரையின் நேரம்வரை நடந்த மாற்றங்களாவது தெரிந்த பிறகே பதில் சொல்ல வேண்டும்.

பொறியாளர்கள் நொடிகளின் வரிசையைச் சரிசெய்துகொண்டிருக்க, அலுவலகங்களில் வருடக் கணக்கான குப்பை அப்படியே கிடந்தது. அதை வெளியே இழுத்துப் போட்டது செயற்கை நுண்ணறிவு. 2023 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் அலுவலக மென்பொருட்களில் கோபைலட் உதவியாளரைப் பெரிய நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. அது விதியை மீறுவதில்லை. கேட்பவருக்கு எந்தெந்தக் கோப்பைப் பார்க்க அனுமதி இருக்கிறதோ அவற்றிலிருந்துதான் பதில் சொல்லும். சிக்கலே அங்கேதான். எட்டு வருடத்துக்கு முன் யாரோ அவசரத்தில் ‘நிறுவனத்தில் உள்ள எல்லோரும்’ என்று திறந்துவிட்ட சம்பளப் பட்டியல், எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாததால்தான் இதுவரை ரகசியமாக இருந்தது. உதவியாளருக்கு ஃபோல்டர் தெரிய வேண்டியதில்லை. ‘நம் மேனேஜர்களின் சம்பளம் எவ்வளவு’ என்று கேட்டால் தேடி எடுத்துவிடும். நிறுவனங்கள் பதறின. அனுமதிகளைச் சுத்தம் செய்ய அவகாசம் வேண்டுமே என்று 2024-ல் மைக்ரோசாஃப்ட் ஒரு தற்காலிக ஏற்பாடு கொண்டுவந்தது: அதை இயக்கினால், ஆவணங்களைப் பகிரும் அதன் ஷேர்பாயிண்ட் அமைப்பில் எத்தனை ஆயிரம் தளங்கள் இருந்தாலும், நிர்வாகி சரிபார்த்துக் கொடுக்கும் 100 தளங்களைத்தான் நிறுவனம் தழுவிய தேடல் துழாவும். எந்த நூறு என்று நிர்வாகி ஒவ்வொரு துறையையும் கேட்க வேண்டும். பல துறைகளில், அந்தத் தளம் யாருடையது என்பதிலிருந்தே விசாரணை ஆரம்பிக்கிறது.